ஆயித்தியமலை மாதாட்ட நடந்து போன கதை

உண்மையச் சொல்லப்போனா நான் ஆசப்பட்டுப் போகல்ல. மட்டக்களப்புப் பக்கம் ஆயித்தியமலை சதா சகாய மாதா கோயில் திருவிழாக்கு வருஷா வருஷம் அம்மாதான் நடந்து போறவ, இந்த முறை முழங்கால் ஏலாம டொக்டர் படி ஏறவே வேணாம் எண்டுட்டார், ஆனா நேத்திக்கடன் நேத்திக்கடன்தானே, வீட்டில ஒராள் நடக்கத்தான் வேணும், தம்பி கட்டார்ல, அப்ப மிச்சம் நான்தான். "மாதாட்ட என்ட முழங்காலுக்கும் தம்பிட விசாவுக்கும் சொல்லிட்டு வா மனே" எண்டு அனுப்பினா. கடைக்குப் போய் சீனி ஒரு கிலோ பருப்பு அரைக்கிலோ வாங்கிட்டு வா எண்டு சின்ன வயசுல அனுப்புறது மாதிரியே இரிந்திச்சி. கையில அவட நவநாள் கார்டையும் தந்தா, சதா சகாய மாதா படம் போட்ட பழைய கார்ட், லமினேட் பண்ணினது, ஒரு மூலையில தேங்காயெண்ண பட்டு மஞ்சளாப் போயிட்டு.

நான் கோயிலுக்குப் போகாத ஆளில்ல. ஞாயிறு பூசை விடுறதில்ல, சின்னனில பீடத்தில மணி அடிச்சவன். ஆனா கொஞ்சக் காலமா உள்ளுக்குள்ள ஒண்டுமில்ல. செபமாலை வாய் சொல்லும், மனம் வட்ஸ்அப்ல இரிக்கும். ஒருக்கா ஃபாதரிட்ட பாவம் சொல்ற பாவசங்கீர்த்தனத்தில அத அப்பிடியே சொன்னன், "ஃபாதர், கடவுள்ள எனக்குக் கோவமுமில்ல சந்தேகமுமில்ல, ஆசைதான் இல்ல" எண்டு. அவர் கொஞ்ச நேரம் பேசாம இரிந்திட்டு, ஆசை இல்லையே எண்டு கவலை இரிக்கா எண்டு கேட்டார். இரிக்கு எண்டன். அப்ப அந்தக் கவலைய விட்டிராத எண்டிட்டு, பரிகாரத்துக்கு பைபிள்ல 42ஆம் திருப்பாடல ஒரு கிழமை தினமும் வாசிக்கச் சொன்னார். எனக்கு என்னமோ ஃபாதர் சமாளிச்சி அனுப்பிட்டார் எண்டுதான் பட்டிச்சி. ரெண்டு நாள் வாசிச்சன், மறுகா விட்டுட்டன்.

செப்டெம்பர் தொடக்கத்து சனிக்கிழமை, விடியச்சாமம் 4 மணிக்கு மட்டக்களப்பு டவுன்ல இரிந்து வெளிக்கிட்டம். முன்னுக்கு ஒரு லேன்ட்மாஸ்டர், ரெண்டு சில்லு உழவு மெசின், அதில ஸ்பீக்கர் கட்டி செபமாலை போகுது, பின்னால நாங்க. செபமாலையில யேசுட, மாதாட வாழ்க்கையில நடந்ததுகள மறைபொருள் எண்டு நினைச்சிச் செபிக்கிறது, சனிக்கிழமை எண்டபடியா மகிழ்ச்சி மறைபொருள்கள். மரியாள் எலிசபெத்தப் பாக்க மலைநாட்டுக்குப் போன ரெண்டாம் மறைபொருள் சொல்லக்குள்ள வலையிறவுப் பாலத்தில நிக்கிறம். கீழ வாவி இருட்டா, தூரத்தில தோணிக்காரர்ட லாம்பு ரெண்டு மூண்டு, சேத்து மணமும் மீன் மணமும் சேந்து வாற காத்து. பெரிய பக்தி ஒண்டும் வரல்ல, உள்ளதச் சொல்றன். நித்திரதான் வந்திச்சி.

வவுணதீவு தாண்டி விடிஞ்சிட்டு. ரெண்டு பக்கமும் அறுத்த வயல், காஞ்ச ஒட்டு, அதில கொக்கும் எருமையும். அந்தக் காலத்து வெயில் எங்கட ஆக்களுக்குத் தெரியும், மாரி மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கும், காலம 8 மணிக்கே தலைக்குள்ள இறங்கும். 20 கிலோமீட்டருக்கு மேல நடை, நானோ ஒஃபிஸில கதிரையில இரிந்து இரிந்து வண்டி வெச்ச ஆள். பாதி வழி போகல்ல, ரப்பர் செருப்பு வார் பிஞ்சிட்டு. கையில தூக்கிக்கொண்டு ஒத்தக்கால் வெறுங்காலோட தாரில நொண்டிறன், அப்பதான் பின்னால வந்த ஒரு பெரியம்மா, "என்ன மனே, தா பாப்பம்" எண்டு வாங்கி, தன்ட சட்டையில குத்தியிருந்த பின்னக் கழட்டி, வாரக் கீழால இழுத்து பின்னக் குறுக்கால கொழுவித் தந்தா. ரெண்டு நிமிஷ வேல. அவட காலப் பாத்தன், வெறுங்கால், குதி பாளம் பாளமா வெடிச்சிக் கிடக்கு.

அதுக்குப் பிறகு அவவோடதான் நடந்தன். கூட நடந்தா நாங்க கேக்கிற முதல் கேள்வி என்ன, என்ன நேத்தி எண்டுதானே, நானும் கேட்டன்.

"நேத்தி ஒண்டுமில்ல மனே."

"அப்ப என்ன கேக்கப் போறீங்க?"

"கேக்கிறதெல்லாம் முந்திக் கேட்டு முடிஞ்சி. மகன் வருவான் எண்டு எத்தினை வருஷம் கேட்டு நடந்தன் தெரியுமா. அவன் வரல்ல. இப்ப சும்மாதான் வாறன். பாக்கணும் போல இரிக்கும், வந்திருவன்."

மகன் எங்க போனான் எப்ப போனான் எண்டு நான் கேக்கல்ல. எங்கட பக்கத்தில அதக் கேக்கத் தேவையில்ல. கொஞ்ச தூரம் ரெண்டு பேரும் கதைக்காம நடந்தம்.

அந்த "சும்மாதான் வாறன்" எனக்குள்ள நிண்டு கொண்டிச்சி. நான் கையில லிஸ்ட்டோட போறன், முழங்கால், விசா. இவ லிஸ்ட் எல்லாம் முடிஞ்ச பிறகும் போறா, அதுவும் கேட்டது கிடைக்காம. கேட்டது கிடைக்காட்டி போக்குவரத்து நிண்டு போறதுதானே உலக நடப்பு. மாதாவயும் அவட மகனயும் இவ ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போறது மாதிரிப் பாக்கப் போறா.

ரோட்டோரம் ஒரு பந்தல், "தாகசாந்தி" எண்டு போட் எழுதிக் கட்டியிருக்கு. பக்கத்துப் பிள்ளையார் கோயில் பொடியன்மார், நெத்தியில திருநீறு. போன மாசம் முந்தின மாசம் இவங்களே கதிர்காமத்துக்குக் காட்டு வழியால நடந்தவங்க, கால் கொப்பளம் எண்டா என்னண்டு தெரிஞ்ச ஆக்கள், அதனால கேக்காமலே ஒராள் என்ட காலுக்கும் ஒரு கோப்பை ஊத்தினான். சர்பத்தும் இரிக்கு, சக்கரைத் தண்ணியும் இரிக்கு, வெறுந் தண்ணியும் இரிக்கு. நான் அடுத்தடுத்து மூண்டு கோப்பை சர்பத் அடிச்சன். பெரியம்மா அரைக் கோப்பை வெறுந் தண்ணி வாங்கி வாய நனைச்சிட்டு மிச்சத்தத் திருப்பிக் குடுத்திட்டா.

"குடிங்களன் பெரியம்மா, வெயில் கொல்லுது."

"கொஞ்சம் தவிக்கட்டும் மனே. தவிச்சிப் போனாத்தான் அங்க போய்க் குடிக்கிற தண்ணி தண்ணியா இரிக்கும்."

(டொக்டர்மார் இதக் கேட்டா ஏசுவாங்க, வெயில்ல தண்ணி குடிக்காம நடக்கச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல.)

ஆனா அந்த இடத்தில எனக்கு ஒண்டு விளங்கினிச்சி, அதுவும் என்ட சொந்த வயித்த வெச்சுத்தான். ஒஃபிஸில காலம பணிஸ், 10 மணிக்கு பிஸ்கட், பகல் சோறு, பின்னேரம் வடை, இடையில கச்சான். பசி எண்டு ஒண்டு எனக்கு வந்து எவ்வளவு காலம். உள்ளுக்கும் அதே கதைதான். கொஞ்சம் வெறுமையா இரிந்தா ஃபோன், கொஞ்சம் கவலை வந்தா டிக்டொக், படுக்கையில சீரியல் எபிசோட், காதில எந்நேரமும் ஏதோ ஒண்டு. கடவுளில பசி வரல்ல எண்டு ஃபாதரிட்ட போய் முறைப்பாடு வேற. நாள் முழுக்க கொறிச்சிக்கொண்டே இரிக்கிறவனுக்குப் பசி எந்த வழியால வரும். ஆசை இல்லாம இல்ல, அது எழும்ப விடாம நானே ஒவ்வொரு மணித்தியாலமும் எதயாவது போட்டு அமத்தி வெச்சிருக்கன்.

ஆயித்தியமலைக்கு நவநாள் தொடங்குற அந்த ஆகஸ்ட் கடைசியிலதான் புனித மோனிக்காட திருநாளும், அடுத்த நாள் 28ஆம் திகதி அவட மகன் அகுஸ்தினாருக்கும். அவர் ஒரு பிரசங்கத்தில சொன்னதா எங்கட கோயில்ல ஒருக்கா விளங்கப்படுத்தினாங்க, ஒரு பைக்குள்ள பெரிய சாமான் வைக்கணும் எண்டா முதல்ல பைய இழுத்து விரிக்கணும், கடவுள் உடனே தராமப் பிந்துறது அந்தப் பைய விரிக்கிறதுக்குத்தான் எண்டு. கேட்ட நேரம் நல்ல கதை எண்டு நினைச்சிட்டு விட்டன். பெரியம்மாட அந்த அரைக் கோப்பையப் பாத்தாப் பிறகுதான் அது கதை இல்ல எண்டு தெரிஞ்சிச்சி.

தண்ணி ஊத்தின பொடியன் சொன்னான், "உன்னிச்சைத் தண்ணி அண்ணன், எவ்வளவும் குடிங்க" எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. டவுன்ல எங்கட வீட்டுப் பைப்பில வாறதும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதான், வவுணதீவில சுத்தம் பண்ணி வாவிக்கு இங்கால அனுப்புறது. அதே தண்ணிதான் குசினியில தினமும் பைப்பத் திறந்தா வருது, நான் அத ருசி பாத்ததே இல்ல. அது வாற பக்கத்தப் பாத்து வெயில்ல நடந்து வந்து வாங்கிக் குடிக்கக்குள்ள ருசிக்குது.

மிச்ச வழி முழுக்க, பாதியில விட்ட அந்த 42ஆம் திருப்பாடல்தான் தலைக்குள்ள ஓடினிச்சி. கலைமான் நீரோடைக்கு ஏங்குற மாதிரி எண்டு தொடங்குமே, அந்த முதல் வரி எல்லாருக்கும் பாடம், பாட்டாப் பாடுவம், அதோட நிப்பாட்டிருவம். ஃபாதர் தந்த பரிகாரத்தில ரெண்டு நாள் வாசிச்சதில எனக்கு வேற ரெண்டு விஷயம் பட்டிரிந்திச்சி. ஒண்டு, அதப் பாடுறவர் பாலைவனத்தில இல்ல, யோர்தான் பக்கம், எர்மோன் மலையடியில நிக்கிறார், அருவி இரையுது, அலை தனக்கு மேலால போகுது எண்டு அவரே சொல்றார். சுத்திவரத் தண்ணி, ஆனா தாகம். அப்ப அது தண்ணி இல்லாத குறை இல்ல. மத்தது, அவர் அழுது அழுது நினைக்கிறது என்னத்த எண்டா, முந்தி கூட்டத்தோட கூட்டமா திருவிழாக்கு கடவுள்ட வீட்டுக்கு நடந்து போன காலத்த. பாதயாத்திரை போன ஆள்ட பாட்டு அது! அவருக்கு ஆசை வந்தது ஞாபகத்தால. ஒருக்காச் சரி போய்ப் பாத்த இடத்துக்குத்தானே மனம் ஏங்கும். நான் எனக்கு ஆசை தானா வரட்டும், வந்தாப் பிறகு போவம் எண்டு காவல் இரிந்தன். மாறித்தான் நடக்குது போல, முதல்ல கால் போகுது, மறுகா மனம் வருது.

பகலாகக்குள்ள போய்ச் சேந்தம். சனம் எண்டா சனம். மரத்துக்கு மரம் பாய், அடுப்பு மூட்டி சோறு, கடலை வண்டில், பலூன், ஒரு பக்கம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை, தொலைஞ்ச பிள்ளைக்கு மைக்ல அறிவிப்பு. பெரியம்மா உள்ள போக முதல் தண்ணிப் பைப்படிக்குப் போனா. குனிஞ்சி ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிச்சா, குடிச்சா, நிப்பாட்டாமக் குடிச்சா, சீலை முந்தானை எல்லாம் நனைஞ்சிட்டு. நிமிந்து என்னப் பாத்து ஒண்டும் சொல்லாமச் சிரிச்சிட்டு சனத்துக்குள்ள போயிட்டா. பிறகு அவவ நான் காணல்ல. பேர் கூடக் கேக்கல்ல, பின்னையும் திருப்பிக் குடுக்கல்ல.

ராவு சுத்துப்பிரகாரம் முடிஞ்சி, சனம் படுத்தாப் பிறகு, ஒரு மணி ஒண்டரை இரிக்கும், எனக்கு நித்திரை வரல்ல. ஃபோன் பகலே சார்ஜ் முடிஞ்சி செத்துட்டு, அதுவும் நல்லதுக்குத்தான். கோயில் வாசல்ல போய் இரிந்து அம்மாட கார்ட எடுத்துப் பாத்தன். எங்கட வீட்டுச் சுவரில பிறந்ததில இருந்து தொங்குற படம்தான், ரோமாபுரியில அல்போன்சியார் கோயில்ல 1866ல இருந்து இரிக்கிற படத்திட பிரதி, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இரட்சகர் சபைக் குருமாரிட்ட குடுத்தது. எவ்வளவு பாத்தும் நான் ஒழுங்காப் பாக்கல்ல எண்டது அண்டைக்குத்தான் விளங்கினிச்சி. மேல ரெண்டு பக்கமும் மிக்கேலும் கபிரியேலும், ஒராள்ட்ட ஈட்டியும் கடற்பஞ்சும், மத்தாள்ட்ட சிலுவையும் ஆணியும். குழந்தை யேசு அந்தச் சிலுவைப் பக்கம் கிறுகிப் பாத்துப் பயந்து தாய்ட கைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கொண்டிரிக்கார். ஓடி வந்து ஏறின அவதியில ஒரு கால் செருப்பு கழண்டு, வாரில தொங்குது.

செருப்பு. நான் என்ட காலப் பாத்தன், பின் குத்தின ரப்பர் செருப்பு. அந்தப் பிள்ளைக்குச் செருப்பு கழண்டது தெரியாது, தெரிஞ்சாலும் குனிஞ்சி எடுக்க மாட்டார், அம்மாட கைதான் வேணும். கடவுள்ட மகனே அப்பிடி ஓடி வந்த ஆள்தான் எண்டா, எங்களுக்கு இந்தத் தாகம் எங்க இருந்து வந்திச்சி எண்டு யோசிக்கத் தேவையில்ல போல.

பெரிய அனுபவம் எண்டு ஒண்டும் நடக்கல்ல. கண்ணீர் வரல்ல, குரல் கேக்கல்ல. ஒழும்பிப் போக மனம் வரல்ல, அவ்வளவுதான். நுளம்பு கடிச்சிக்கொண்டே இரிந்திச்சி, நான் இரிந்தன், ஒண்டும் சொல்லவுமில்ல. விடியக்குள்ள திருவிழாப் பூசைக்கு மணி அடிக்கத்தான் அங்கயே சுவரில சாஞ்சி நித்திரையாப் போனது தெரிஞ்சிச்சி.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில நெரிபட்டு வீட்டுக்கு வந்து சேர, அம்மா வாசல்லயே காவல்.

"மாதாட்ட சொன்னியா? முழங்காலுக்கும் விசாவுக்கும்?"

அப்பதான் எனக்கு நினைவே வந்திச்சி.

"மறந்துட்டன்மா."

"என்ன! ஒரு ராவு முழுக்க அங்க என்னடா செஞ்ச?"

"சும்மா இரிந்தன்."

அம்மா ஏசின ஏச்ச இங்க எழுத ஏலாது, நவநாள் கார்டையும் பறிச்சி எடுத்திட்டா. பிஞ்ச செருப்பக் கண்டு அத வேற குப்பையில போடச் சொன்னா, நான் போடல்ல, பின்னோட கட்டிலுக்குக் கீழ கிடக்கு. கடைசியா குசினிக்குள்ள இருந்து சொன்னா, "அப்ப அடுத்த வருஷமும் நீதான் நடக்கிறாய்" எண்டு.

சரி எண்டன். கொஞ்சம் அவதிப்பட்டுச் சொல்லிட்டன் போல, அம்மா எட்டி என்ட முகத்த ஒரு மாதிரிப் பாத்தா.