ஏழாம் மாதத்தில் வீட்டுக்குள் சின்னம்மை

கர்ப்பமாக இருக்கும்போது சின்னம்மை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், பில்லில் 'ஐஜிஜி' (IgG, பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டுவது) என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். நான் அலைந்ததெல்லாம் அந்த ஒரு எழுத்தால்தான்.

கோத்தகிரியில் கூட்டுக் குடும்பம். எனக்கு ஏழாம் மாதம், ஓரகத்திக்குக் கைக்குழந்தை. அவளுடைய மூத்தவன் பள்ளியிலிருந்து சின்னம்மையோடு வந்தான். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவுமாம். வாசலில் வேப்பிலை செருகுவதற்குள் அவன் என் மடியில் படுத்துத் தூங்கியே எழுந்துவிட்டான். எனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று அம்மாவுக்குப் போன் போட்டால், "ஏதோ அம்மை போட்டுச்சு, எதுன்னு ஞாபகமில்லையே" என்கிறார்.

டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்: ஐஜிஜி இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புச் சக்தி) ஊசி, அதுவும் தொற்றுள்ளவரோடு இருந்த 10 நாளுக்குள். தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது, அது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். "அம்மன் வந்திருக்கிற வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கா?" என்று அத்தை முகம் சுளித்தார். "ஊசி இல்லம்மா, ரத்தம் மட்டும்தான்" என்று கணவர் சமாளித்தார்.

வந்த ரிப்போர்ட்டில் இருந்தது ஐஜிஎம் (IgM). அது அண்மையில் தொற்று வந்திருக்கிறதா என்று பார்ப்பது. பழைய எதிர்ப்புச் சக்தி அதில் தெரியாது. கவுண்டரில் இருந்தவர், "நெகட்டிவ்தானே மேடம், நல்லதுதானே" என்று சிரிக்கிறார்! ஐஜிஜி பார்க்க ரத்த மாதிரி கோயம்புத்தூருக்குப் போக வேண்டும், அன்றைய வண்டியோ கிளம்பிவிட்டது. நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போனபோது, அம்மை வீடு என்றதும் தூறலில் வாசலிலேயே நிறுத்தினார்கள். அதில் நியாயம் உண்டு, உள்ளே வேறு கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

ஐஜிஜி பாசிட்டிவ். அன்று இரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஓரகத்திக்கும் அம்மை போட்டது. பாலை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொல்ல, டாக்டர் நிறுத்தவே வேண்டாம் என்றார். ஒரு மார்பில் காம்புக்குப் பக்கத்தில் கொப்புளம். அது பொருக்கு கட்டும்வரை அந்தப் பக்கம் பீய்ச்சி எடுத்துவிட்டு, மறுபக்கம் கொடுத்தாள். கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கியதும் நல்லதாகப் போயிற்று. குழந்தையையும் தள்ளிப்போடாமல் காட்டினோம்.

செக்கப்புக்குப் போகுமுன் போன் செய்து சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களிடமிருந்து, தொற்றுள்ளவரோடு இருந்த பிறகு 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை மற்றவர்களுக்குப் பரவக்கூடும். பிரசவ நாள் நெருங்கியவர்கள் இன்னும் உஷார்: பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்கு அம்மை போட்டால், சிசுவுக்கு ஆபத்து மிக அதிகம். பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்; அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை.

தப்பான டெஸ்டுக்கு வாங்கிய பணத்தை அந்த லேப் இன்னும் திருப்பித் தரவில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.