விடுதிக் கிணற்று வாளி

மாஸ்ரரின் மரண அறிவித்தல் சங்கத்து வட்ஸ்அப்பில் வந்தபோது நான் பேத்தியின் நீச்சல் வகுப்புக்கு வெளியே காத்திருந்தேன். 91 வயது, நோய் நொடியில்லாத சாவு என்று போட்டிருந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு நான் எழுதவேண்டிய பதில் ஒன்று முப்பது வருடமாகக் கிடக்கிறது.

1974. எட்டாம் வகுப்பு. மத்தியானத்துக்குப் பிந்திய விஞ்ஞான பாடம், அந்த நேரத்து வெக்கையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆணி தாழுது, கப்பல் ஏன் மிதக்குது என்று கேட்டார். நான் எழும்பி, பாரமான சாமான் தாழும், பாரமில்லாதது மிதக்கும் என்றேன். "அப்ப கப்பல் ஆணியைவிடப் பாரம் குறைவோ?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாங்கில் ஏறி நிற்கச் சொன்னார், மணி அடிக்கும்வரை நின்றேன். தோட்டக்காரன் பிள்ளைக்கு விஞ்ஞானம் எங்க ஏறப்போகுது என்று பின்னுக்கிருந்து யாரோ சொன்னது இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது.

அடுத்த நாள் எங்களை லாப்புக்கு விடவில்லை, நேரே விடுதிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். என்னைத்தான் கூப்பிட்டார். வெறும் வாளியைச் சரியாமல் நேராக இறக்கு என்றார். இரும்பு வாளி, மெல்ல ஆடிக்கொண்டு மிதந்தது. "சரி, இப்ப மொள்ளு." கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன், புகையிலைக்கு இறைத்துப் பழகிய கை. வாளி சரிந்து, வாயால் தண்ணீர் குடித்து, அப்படியே தாழ்ந்து போனது. அதே வாளி, அதே இரும்பு.

வெறும் வாளி தன் வயிற்றுக் காற்றோடு சேர்த்துத் தண்ணீரில் இடம் பிடிக்கிறது, தான் விலக்கிய தண்ணீரின் நிறை தன் நிறைக்குச் சமமாகும் மட்டும் அமிழ்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது, காற்று போனால் இரும்பு மட்டும்தான் மிச்சம், அது தன்னளவு தண்ணீரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு பாரம் என்று கிணற்றுக்கட்டில் கைவைத்தபடி சொன்னார். கப்பலும் வாளிதான் என்றார். அப்புறம், "இப்ப இழு, எந்த இடத்தில பாரம் ஏறுது எண்டு சொல்லு." வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வந்தது. விளிம்பு வெளியே தலைகாட்டியதுதான் தாமதம், கை கீழே இழுபட்டது. 10 லீற்றர் என்றால் 10 கிலோ, உள்ளே இருக்கும்வரை அதைக் கிணற்றுத் தண்ணீரே தாங்கிப் பிடிக்கிறது. அதுதான் மேலுதைப்பு. நான் தினமும் பிடித்து இழுத்த ஒன்றுக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

"நேற்று உன்னை வாங்கில ஏத்தினது பிழை. இங்கதான் கூட்டிவந்திருக்க வேணும்." எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அந்தக் காலத்தில் எந்த மாஸ்ரர் அப்படிச் சொன்னார்?

1984இல் வெளிக்கிட்டேன். கனடா வந்து சில வருடங்களில், உறைந்த சிம்கோ ஏரியின்மேல் நான் நிற்கிற படம் ஒன்றை அவருக்கு அனுப்பினேன். நீல வான்கடிதத்தில் பதில் வந்தது: "ஐஸ் ஏன் தாழேல்லை? அடியில மீனுக்கு என்ன நடக்குது? புத்தகத்தைப் பார்த்து எழுதாதே, போய்ப் பார்த்து எழுது." இரண்டு வேலை. அந்த மாரி போனது, அடுத்ததும் போனது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பிறகு விலாசமும் கிடைத்தது, தொலைபேசி எண்ணும் கிடைத்தது, இவ்வளவு காலம் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்று விட்டுவிட்டேன்.

போன மாசி மாதம் போய்ப் பார்த்தேன், மாஸ்ரர். மீன் பிடிக்கிறவர் ஐஸில் துளை போட்டார், ஒரு அடித் தடிப்பு. துளைக்குள் தண்ணீர் ஐஸின் மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே நின்றது, பன்னிரண்டில் ஒரு பங்கு. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது அளவில் பெருக்கிறது, அதனால்தான் ஐஸ் மேலே நிற்கிறது. 4 பாகைத் தண்ணீர்தான் ஆகப் பாரமானது, அது அடியில் போய்க் கிடக்கிறது, உறைவதில்லை. மீன் அங்கே இருக்கிறது. அவர் தூண்டிலை இழுத்தபோது உள்ளங்கை நீளத்தில் ஒன்று வந்தது. ஐஸின்மேல் விழுந்து துடித்தது.