மிளகாய்ச் செடிக்குத் திருஷ்டி சுற்றிய கதை

போன மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸிலிருந்து வந்து இன்னும் செருப்பைக் கழற்றவில்லை, வீட்டு ஓனர் மாமி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். மூடிய கைக்குள் கல் உப்பு, கடுகு, மூன்று காய்ந்த மிளகாய். "நகந்துக்கோடி" என்று என்னை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனார். வரிசையாக நின்ற என் ஆறு மிளகாய்ச் செடிகளுக்கும் சேர்த்து இப்படி மூன்று சுற்று, அப்படி மூன்று சுற்று. "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்." மனுஷர்கள் என்றால் அந்தக் கைக்குள் மூன்று முறை துப்பச் சொல்வார். செடிகள் என்பதால் விட்டுவிட்டார்.

செடிகளுக்கு இலை சுருண்டுகொண்டே வந்தது, அதுதான் விஷயம். இரண்டு நாள் முன்பு நான் மாமியிடம் வாயை விட்டிருந்தேன். "நன்னா காய்ச்சுதோன்னோ, கண் பட்டுடுத்து" என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை, மாமி கையில் இருந்த மூன்று மிளகாயும் எங்கள் ஊர் முண்டு என்கிற உருண்டை மிளகாய் வத்தல். அப்பா அனுப்பியதில் நான் கொடுத்த பங்கு. என் செடிகளும் அதே வத்தலின் விதையில் முளைத்தவைதான். முறை பார்த்தால் அத்தைகள் வந்து மருமகளுக்குத் திருஷ்டி கழித்த மாதிரி.

மிளகாயைத் தணலில் போட்டால் நெடி வரக்கூடாது, வராவிட்டால்தான் திருஷ்டி இருந்ததாக அர்த்தம். இங்கே கீழ்வீட்டுப் பையன் வரைக்கும் இருமினான். "மாமி, அப்படின்னா திருஷ்டியே இல்லையே" என்றேன். "கொஞ்சம் கம்மியாத்தான் வரது" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மிளகாய் நம் நாட்டுக்கு வந்தே சுமார் ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகு. பேரிலேயே இருக்கிறதே, மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். அப்படியென்றால் அந்தக் காலத்து மாமிகள் எதை வைத்துச் சுற்றினார்கள் என்று கேட்டேன். மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. "திவசச் சமையல்ல இன்னிக்கும் மிளகாய் கிடையாது, மிளகுதான், தெரியுமோ?" என்றார். தெரியாது. அதைவிட நல்ல பதில் எனக்குத் தேவைப்படவும் இல்லை.

எனக்குப் பரமக்குடிப் பக்கம். மேற்கு மாம்பலத்துக்கு வாடகைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் மளிகைக் கடையில் போய் "அரைக் கிலோ வத்தல் குடுங்க" என்றேன். கடைக்காரர் "சுண்டைக்காயா, மணத்தக்காளியா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வத்தல் என்று மொட்டையாகச் சொன்னால் மிளகாய் வத்தல் மட்டும்தான், மற்றதற்கெல்லாம்தான் முன்னால் பேர் சேர்க்க வேண்டும். அதுவும் முண்டு வத்தல், உருண்டையாக, தோல் தடித்து, நல்ல சிவப்பில். 2023-இல் ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏதோ எனக்கே கொடுத்த மாதிரி. ஆடிட்டர் ஆபீஸ், யாருக்கும் புரியவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன் ஒருமுறை, சமையலுக்கு நறுக்கிய பச்சை மிளகாயின் விதையைத் தொட்டியில் தூவிவிட்டு மூன்று வாரம் காத்திருந்த முட்டாள்தனமும் உண்டு. பச்சையாகப் பறித்த காயில் பெரும்பாலும் விதை முற்றியிருக்காது. நன்றாகப் பழுத்து, வெயிலில் காய்ந்த வத்தல் என்றால் உள்ளே குலுக்கினாலே சத்தம் கேட்கும். அதை உடைத்து, விதையை ராத்திரி ஊறவைத்து, டீ கப்பில் தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து போட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. ஒரு விரல் உயரம் வந்து, ஆறேழு இலை விட்டதும், ஏறக்குறைய ஒரு மாதத்தில், செடி வளர்க்கும் பைக்கு மாற்றினேன்.

முதல் வருஷ மண் தப்பு. தெருவில் வீடு கட்டத் தோண்டிப் போட்டிருந்த மண்ணை இலவசமாக அள்ளி வந்தேன். நாலு தண்ணீர் ஊற்றியதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. மேலே குளம், கீழே வறட்சி. அதோடு மிக்ஜாம் புயல். டிசம்பர் முதல் வாரத்தில் பைகளையெல்லாம் ஹாலுக்குள் இழுத்துப்போட்டு, கரண்ட் இல்லாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்களும் மிளகாய்ச் செடிகளும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் நாலு செடிக்கு வேர் அழுகியிருந்தது. இப்போது செம்மண் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையின் அடியில் மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் ஓட்டை.

தண்ணீர் விஷயத்தில் அப்பாவும் நானும் ஒத்துப்போனதே இல்லை. எங்கள் பக்கம் முண்டு மானாவாரிப் பயிர், மழையை நம்பி விதைப்பது. "வாடட்டும் விடு தாயி. வாடுனாத்தான் வேரு கீழ போயி தண்ணி தேடும்" என்பார் போனில். பன்னிரண்டு அங்குலப் பையில் வேர் எங்கே போய்த் தேடும்? ஆனாலும் பாதி உண்மை இருக்கிறது. தினமும் ஊற்றியபோது செடி இலையாகக் கொழித்ததே தவிர காய்க்கவில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, மண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் வெயில் காலத்தில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துவைத்து ஊற்றுகிறேன். அதில் உப்பு கிடையாது.

சரி, இலை சுருளல்.

இதை ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வீணாக்கினேன். யாரைக் கேட்டாலும் ஒரு மருந்து சொல்வார்கள், நானும் அடிப்பேன், சில செடி தேறும், சில செடி தேறாது. மாமி சுற்றிப்போட்ட அன்று ராத்திரி, பையனின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இலை இலையாகப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, இலை தொன்னை மாதிரி ஆகியிருந்தால் அது இலைப்பேன். ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டினால் மஞ்சளாக, நூல் துணுக்கு மாதிரி ஓடும். அதே தொன்னையைக் கவிழ்த்த மாதிரி, ஓரங்கள் கீழே வளைந்து, இலைக்காம்பு நீண்டிருந்தால் அது சிலந்திப்பேன். பூதக்கண்ணாடியில்கூட அது தூசி மாதிரிதான் தெரியும். என் ஆறு செடியில் நாலு தொன்னை, ஒன்று கவிழ்ந்த தொன்னை.

ஆறாவதுதான் மோசம். நுனி இலைகள் குட்டிக் குட்டியாக, வெளிறி, சுருங்கி, கொத்தாக நின்றன. செடி வளரவும் இல்லை. தட்டினால் வெள்ளை ஈக்கள் பறந்தன. அது வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்ததில் கொண்டுபோய் வைக்கும். இதற்கு மருந்தே கிடையாது. பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும், அதுவும் அன்றைக்கே. முந்தின வருஷம் இப்படி ஒன்றைப் "பாவம், தேறிடும்" என்று இரண்டு மாதம் வைத்திருந்து, பக்கத்துச் செடிகள் மூன்றையும் பலி கொடுத்தேன். இந்தமுறை யோசிக்கவில்லை. பிடுங்கிக் கவரில் கட்டி, மாமிக்குத் தெரியாமல் ராத்திரியே கீழே கொண்டுபோனேன். சுற்றிப்போட்ட அன்றைக்கே செடி போனது தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்தான் எனக்குக் கைகொடுத்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை. வெயில் தாழ்ந்தபின் மட்டும். ஒரு ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணிக்கு அடித்து இலையெல்லாம் வெந்துபோனது. கவிழ்ந்த தொன்னைக்கு நுனியை வெட்டிவிட்டு, அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினேன், பிழைத்துக்கொண்டது.

இடையில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலையும் முயன்றேன். மிளகாய்ப் பூச்சிக்கு மிளகாயே மருந்து என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் அரைத்தேன். பூச்சிக்கு என்ன ஆனதோ, என் கை அன்று ராத்திரி முழுக்க எரிந்தது. தண்ணீரில் கழுவக் கழுவ எரிச்சல் பரவியதே தவிர அடங்கவில்லை. ஊரில் எங்கள் அத்தை காலம் முழுக்க வத்தலுக்குக் காம்பு கிள்ளியவர். தேங்காய் எண்ணெயைத் தடவித் துடை என்றார். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. அத்தைக்கு அந்தப் பேர் தெரியாது, வைத்தியம் தெரியும். எரிகிறது என்று நாம் சொல்வதும் சும்மா இல்லை. சூடு பட்டால் எந்த நரம்புவாயில் திறக்குமோ அதையேதான் மிளகாயும் திறக்கிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்று ராத்திரி அந்த வாயிலை மூடத்தான் வழி தெரியவில்லை.

வெயில் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கத்திரி தொடங்கினால் பூவெல்லாம் கொட்டும். சூட்டில் மகரந்தம் கெட்டுப்போகிறது, உரம் போட்டுப் பயனில்லை. மேற்குப் பார்த்த பால்கனிக்குப் பழைய வேட்டியைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதே நல்லது. மற்ற நாட்களில் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுவேன். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் அது போதும், எங்கள் பால்கனியில் காற்று குறைவு.

சித்திரையில் வேறொரு பிரச்சினை. வத்தலுக்காகப் பழுக்கவிட்ட காய்கள் காணாமல் போயின. முதலில் பையனைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அணிலை. வேப்பமரத்திலிருந்து கம்பி வழியாக வருகிற அணில் ஒன்று உண்டு, அதைப் பார்த்தாலே விரட்டினேன். ஒரு லீவு நாளில்தான் உண்மை தெரிந்தது. தலையில் கருப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. கொண்டைக்குருவி. கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து, நல்ல பழமாகப் பார்த்து ஒன்றைப் பிய்த்து முழுசாக விழுங்கியது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜோசியக்காரரின் கிளி மிளகாயைக் கொறிப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன், பழகிவிட்டது போல என்று நினைத்தேன். பழக்கம் இல்லை. பறவைக்கும் அந்த நரம்புவாயில் உண்டு, ஆனால் மிளகாய்க்குத் திறக்காது. அணிலுக்கும் நமக்கும்தான் உறைக்கும். நாம் மென்று விதையை நாசமாக்குவோம், குருவி முழுசாக விழுங்கி வேறெங்கோ போய் எச்சத்தில் போடும். அணிலிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, இரண்டு நிலக்கடலை வைத்தேன்.

மொத்த விளைச்சலைச் சமையலறைத் தராசில் எழுதி வைத்தேன். ஐந்து செடியில் பழமாக 740 கிராம். வெயிலில் காயவைத்தபின் 190. அதே வாரம் அப்பா பஸ்ஸில் ஐந்து கிலோ வத்தல் போட்டுவிட்டார். போனில் என் கணக்கைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்துவிட்டு, "அதுல ரெண்டு அனுப்பு தாயி, பட்டணத்து முண்டு எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்றார். அனுப்பினேன். தோல் மெலிசு, நிறம் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஆடியில் மாமி மேலேயிருந்து கூப்பிட்டார். மொட்டை மாடித் துளசி மாடத்தில், துளசிக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு செடி. "இது என்னடி, துளசி மாதிரியும் இல்லே?" மிளகாய். யார் விதைத்தது என்று எனக்குத் தெரியும். இலை ஒவ்வொன்றும் விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. வேப்பெண்ணெய் இல்லை, புண்ணாக்கு இல்லை, காலையில் மாமி துளசிக்கு ஊற்றுகிற ஒரு சொம்புத் தண்ணீர்தான்.

"நான் எடுத்துப் பையில் வச்சுக்கறேன் மாமி" என்றேன்.

"துளசியோட வந்ததைப் பிடுங்கப்படாது" என்றார். "காய்க்கட்டும். மோர் மிளகாய் போட்டு உனக்கும் ரெண்டு தரேன்."