2020ல சிட்டிசன் ஆகி முதல் ஓட்டு போட்ட கதை

கொரோனா வருஷத்துல அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ, சத்தியப்பிரமாணம், வாக்காளர் பதிவு, தபால் ஓட்டு எல்லாம் எப்படி முடிச்சீங்கன்னு நிறைய பேரு கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு. நான் இருக்கிறது பென்சில்வேனியால, பிலடெல்பியாவுக்கு வெளிய ஒரு கவுண்டி. வேலை ஆஸ்பத்திரி லேப்ல.

2019 கோடையில சிட்டிசன்ஷிப்புக்கான என்-400 ஃபாரம் போட்டேன், அப்ப ஃபீஸ் 725 டாலர், கைரேகை எடுத்தாச்சு, இன்டர்வியூ 2020 மார்ச் 24ன்னு லெட்டர் வந்துச்சு. இன்டர்வியூவுல நாட்டைப் பத்தின கேள்வித் தேர்வும் உண்டு. அப்ப மொத்தம் நூறு கேள்வி இருந்துச்சு, அதுல பத்து வரைக்கும் கேட்டாங்க, ஆறு சரியா சொன்னா பாஸ். தினமும் கார்ல போகும்போது சத்தமா சொல்லிப் பாத்துக்கிட்டே போவேன். அதுல ஒரு கேள்வி, அதிபரால பதவியில தொடர முடியலைன்னா யாரு அதிபர் ஆவாங்க? பதில் துணை அதிபர். ரெண்டு பேராலயும் முடியலைன்னா? பிரதிநிதிகள் சபை சபாநாயகர். ஜனவரில இத படிக்கும்போது மார்க்குக்காக மனப்பாடம் பண்ற விஷயமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் எல்லாம் மாறிடுச்சு. பிப்ரவரில நாடு முழுக்க அனுப்பின முதல் டெஸ்ட் கிட்லயே கோளாறு, மாதிரி எடுக்க ஸ்வாப் குச்சி இல்ல, மார்ச்ல வெளி லேபுக்கு அனுப்பின சாம்பிளுக்கு ரிசல்ட் வர எங்களுக்கு எட்டு நாள் ஒம்போது நாள் ஆச்சு. ஆளுக்கு ஒரு என்95 மாஸ்க் குடுத்து ஒரு பிரவுன் பேப்பர் பையும் குடுத்தாங்க, ஷிஃப்ட் முடிஞ்சா மாஸ்க்க அந்தப் பைக்குள்ள போட்டு மடிச்சு வைக்கணும், மறுநாள் அதையே எடுத்து மாட்டிக்கணும். பை மேல மார்க்கர்ல என் பேரும் தேதியும் எழுதி வச்சிருந்தேன். அஞ்சாவது நாள் மாஸ்க் ஓரமெல்லாம் மஞ்சளாயிடும், காதுப் பக்கம் எலாஸ்டிக் தளந்து போயிடும், மூக்கு மேல இருக்கிற கம்பிய அழுத்தி அழுத்தி சரி பண்ணிக்கிட்டே வேலை பாப்போம். அந்த பேப்பர் பை வாசனை இன்னும் எனக்கு மறக்கல.

மார்ச் 15 ஞாயித்துக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சு வந்து டிவி போட்டா, டெமாக்ரட் கட்சியோட அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டி போட்ட பைடனும் சாண்டர்ஸும் விவாதம். அரிசோனால கூட்டத்தோட நடக்க வேண்டியது, கொரோனாவால வாஷிங்டன்ல ஒரு ஸ்டுடியோவுல ஆளே இல்லாம நடந்துச்சு. ரெண்டு பேரும் கை குடுக்கல, முழங்கைய இடிச்சுக்கிட்டாங்க. முதல் கேள்வியே தொற்று நோயப் பத்தித்தான். அதே மேடையிலதான் பைடன், துணை அதிபர் வேட்பாளரா ஒரு பெண்ணைத்தான் எடுப்பேன்னு உறுதியா சொன்னாரு. நான் சோபாவுல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன், மாஸ்க் அழுத்தின தழும்பு மூஞ்சில எரியுது. அவருக்கு அப்ப வயசு 77, தேர்தல்ல எதிர்ப்பக்கம் நிக்கிற அதிபர் டிரம்ப்புக்கு 73, வயசானவங்களத்தான் இந்த வியாதி கொண்டுபோகுதுன்னு நான் தினமும் லேப்ல பாக்குறேன், அப்ப அந்த ரெண்டாவது எடத்துல யாரு வருவாங்கங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் ஒறைச்சுது. அதுக்கு முன்னாடியே பிப்ரவரி கடைசில கொரோனா குழுவுக்குத் தலைவரா துணை அதிபர் பென்ஸைத்தான் போட்டிருந்தாங்க, அதனால அந்த வருஷம் அது சும்மா பேருக்கு இருக்கிற பதவியா இல்லவே இல்ல.

மூணு நாள் கழிச்சு மார்ச் 18ல நாடு முழுக்க இமிகிரேஷன் ஆபீஸ் எல்லாம் பொதுமக்களுக்கு மூடிட்டாங்க. என் இன்டர்வியூ கேன்சல், புது தேதி பின்னால வரும்னு ஒரு லெட்டர். இங்க வாக்காளரா பதிவு பண்ண அந்த வருஷம் கடைசி நாள் அக்டோபர் 19, அதுக்குள்ள சிட்டிசன் ஆகலைன்னா நவம்பர்ல ஓட்டு இல்ல. பத்து வருஷமா வரி கட்டி இங்கயே இருக்கேன், இந்த ஒரு வருஷத்துல ஓட்டு இல்லாம போயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வராது. வீட்டுக்காரர் "அடுத்த எலெக்‌ஷன்ல போட்டுக்கலாம் விடு"ன்னாரு. எனக்கு விட மனசில்ல.

ஊர்ல என் சித்தி இருக்காங்க, மன்னார்குடி. ஒம்போது வயசுல அம்மா போனதுல இருந்து என்னை வளத்தது அவங்கதான், அப்ப வயசு 68, சுகர் வேற. விமானம் நின்னு போச்சு, எதாச்சும் ஆனா போக முடியாது. ஜூலைல கண் காட்ட தஞ்சாவூர் போகணும்னா இ-பாஸ் வேணும், அத இங்க இருந்து நான்தான் ராத்திரி ஒக்காந்து ஆன்லைன்ல போட்டுக் குடுத்தேன்.

ஜூன்ல ஆபீஸ் திறந்துச்சு, ஜூலை நடுவுல எனக்கு இன்டர்வியூ. அப்ப அது எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். வாசல்லயே காய்ச்சல் இருக்கான்னு பாத்தாங்க, கறுப்பு பேனா நாமளே கொண்டு வரணும்னு லெட்டர்லயே போட்டிருந்தாங்க, உள்ள என்னை ஒரு ரூம்ல ஒக்கார வச்சு முன்னாடி டேப்லெட் வச்சாங்க, ஆபீசர் அதே கட்டடத்துல வேற ரூம்ல இருந்து ஸ்கிரீன்ல பேசினாரு. மாஸ்க்க ஒரு நிமிஷம் எறக்கி மூஞ்சியக் காட்டச் சொன்னாரு. நாலாவது கேள்வி, அதிபரால தொடர முடியலைன்னா யாருன்னு. "துணை அதிபர்"னு சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறிடுச்சு, அவருக்கு அது தெரிஞ்சிருக்காது. முதல் ஆறுமே சரி, அதோட நிறுத்திட்டாரு.

அந்த மாசமெல்லாம் பைடன் துணை அதிபர் வேட்பாளரா எடுக்கப் போற பெண் யாருங்கிற பேச்சுதான். ஏப்ரல் கடைசில பைடன் நாலு பேரை வச்சு ஒரு தேர்வுக் குழு போட்டிருந்தாரு, வக்கீலுங்க ஒவ்வொருத்தரோட வரி கணக்கு, பழைய பேச்சு, பழைய வழக்கு எல்லாத்தையும் தோண்டுவாங்க. மிச்சிகன் கவர்னர் விட்மர் பேரு மேல வந்ததுக்கு காரணமே அவங்க கொரோனாவைக் கையாண்ட விதம். அட்லாண்டா மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ் லிஸ்ட்ல இருக்கும்போதே அவங்களுக்கே பாசிட்டிவ் வந்துச்சு. மே 25ல மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ன அப்புறம் அந்த ஊர்ப்பக்கம் அரசு வக்கீலா இருந்த செனட்டர் குளோபுஷார் ஜூன்ல தானே வெலகி, வெள்ளையர் அல்லாத ஒரு பெண்ணைப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் ஒண்ணு வாக்குல சொல்றேன்னு இருந்தாரு பைடன், அது பத்து நாள் தள்ளிப் போச்சு.

ஆகஸ்ட் 11 சாயங்காலம் நாலு மணி தாண்டி நான் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்துல நிக்கிறேன், போன் தொடர்ந்து அதிருது. கமலா ஹாரிஸ். அவரு வீட்டு மேஜையில லேப்டாப்ப வச்சுக்கிட்டு வீடியோ கால்லதான் அவங்களக் கேட்டிருக்காரு, அப்புறம் அந்த வீடியோவ வெளியிட்டாங்க. ஒரு வருஷம் முன்னாடி விவாத மேடையில பைடனையே கடுமையா கேள்வி கேட்டவங்க அவங்க, அத மனசுல வச்சுக்காம எடுத்தாரேன்னு எனக்கு அவரு மேல மரியாதை கூடினது உண்மை.

அன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு, அங்க காலைல ஏழு, சித்தி கூப்பிட்டாங்க. "ஏண்டி, நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தியாமே, பைங்காநாட்டுப் பக்கம்டி, நம்ம வீட்ல இருந்து எட்டுற தூரம், இங்க டிவி முழுக்க அதான்"னு ஒரே மூச்சுல சொல்றாங்க. அந்த ஊரு தர்மசாஸ்தா கோயில்ல நன்கொடை குடுத்தவங்க கல்வெட்டுல கமலா ஹாரிஸ் பேரும் இருக்கு, அந்த ஊர்க்காரர்தான் அவங்க தாத்தா பி.வி. கோபாலன். அம்மா சியாமளா 19 வயசுல 1958ல தனியா பெர்க்லி வந்து படிச்சு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி பண்ணவங்க. லேப்ல வேலை பாக்குற எனக்கு அந்த அம்மாவத்தான் முதல்ல நெனப்பு வந்துச்சு, அந்தக் காலத்துல ஒரு போன் பேசக்கூட எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாங்க.

ஆகஸ்ட் 19 ராத்திரி கட்சி மாநாட்டுக்காக டெலவேர் வில்மிங்டன்ல ஹாரிஸ் பேசினாங்க, பெரிய ஹால், மாநிலப் பேரு எழுதின கம்பங்க நட்டு வச்சிருக்கு, கூட்டம் இல்ல. குடும்பத்தப் பத்தி சொல்லிக்கிட்டே வரும்போது மாமா, அத்தை எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லிட்டு, "சித்திகள்"ங்கிறத மட்டும் "சித்தீஸ்"னு அப்படியே சொன்னாங்க. விளக்கம் ஒண்ணும் குடுக்கல. பக்கத்துல பெரியவ, இங்கயே பொறந்து வளந்தவ, "அம்மா, சித்தின்னு சொன்னாங்களா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்ல முடியாம ஒக்காந்திருந்தேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு கவலை, நம்ம ஊரு ரத்தம்னு மட்டும் பாத்து ஓட்டு போட்டுடாதன்னாரு. நியாயமான பேச்சுதான். ஆனா நான் அதுக்காகப் போடல. அந்தப் பேப்பர் பைக்காகப் போட்டேன், மாஸ்க் இல்ல கிட் இல்லன்னு நாங்க கையப் பெசஞ்சுக்கிட்டு நின்ன நாளுங்களுக்காகப் போட்டேன். சித்திங்கிற வார்த்தை மனசு நிறைஞ்சுது, அது வேற.

ஆகஸ்ட் 28ல சத்தியப்பிரமாணம். குடும்பத்த உள்ள விடல, வீட்டுக்காரரும் பிள்ளைங்களும் பார்க்கிங்ல. நாற்காலி தள்ளித் தள்ளி, மொத்தமே கால் மணி நேரம், கிரீன் கார்டை வாங்கிக்கிட்டு சர்டிபிகேட்டும் ஒரு கவரும் குடுத்தாங்க, கவருக்குள்ள வாக்காளர் பதிவு ஃபாரம். கார்ல ஒக்காந்தே அத நிரப்பிட்டேன்.

இங்கதான் நம்ம ஆளுங்க கவனமா இருக்கணும். நமக்கு இனிஷியல் பழக்கம், அப்பா பேர்தான் கடைசிப் பேர். என் லைசென்ஸ்ல ஒரு மாதிரி, சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, முன்னது பின்னதா மாறி இருந்துச்சு, பதிவு நின்னு போச்சு. யாரும் போன் பண்ணி சொல்லல, நானா ஆன்லைன்ல பாத்துத்தான் தெரிஞ்சுது. கவுண்டி தேர்தல் ஆபீஸுக்கு போன் போட்டா எடுக்க ஆள் இல்ல, நாலு நாள் ஷிஃப்ட் இடைவேளைல எல்லாம் திரும்பத் திரும்ப அடிச்சு, கடைசில ஒரு அம்மா எடுத்து பொறுமையா கேட்டு, பேப்பர் ஃபாரம் புதுசா போடுங்க சர்டிபிகேட் காப்பி வைங்கன்னாங்க. பதிவு ஆச்சான்னு நீங்களே போய்ப் பாருங்க, லெட்டர் வரும்னு காத்திருக்காதீங்க.

தபால் ஓட்டுக்கு அப்ளை பண்ணி, ஓட்டுச் சீட்டு வந்தது அக்டோபர் முதல் வாரம். அந்த வாரம்தான் 2ந் தேதி விடியக்காத்தால அதிபர் டிரம்ப்புக்கு கொரோனான்னு செய்தி, சாயங்காலம் ஹெலிகாப்டர்ல வால்டர் ரீட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, மூணு ராத்திரி அங்கதான் இருந்தாரு. இன்டர்வியூவுல நான் சொன்ன அந்த ஒத்த வார்த்தை பதிலு நாடே பேசுற பேச்சா ஆயிடுச்சு. 7ந் தேதி துணை அதிபர் விவாதத்துல பென்ஸும் ஹாரிஸும் 12 அடி தள்ளி ஒக்காந்தாங்க, நடுவுல கண்ணாடித் தடுப்பு. எனக்கு டிரம்ப்போட எந்தக் கொள்கையிலயும் ஒப்புதல் இல்ல, ஆனா அந்த மூணு நாளும் அவரு நல்லபடியா வீட்டுக்கு வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன், அந்த வியாதி யாருக்கும் வேணாம்.

சீட்டை சமையல் மேஜையில விரிச்சு வச்சு, கறுப்புப் பேனால வட்டத்த நிரப்பினேன். பென்சில்வேனியால ரெண்டு கவர். சீட்டு முதல்ல உள் கவருக்குள்ள போகணும், அது மேல நம்ம பேரு, கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாது, அத ஒட்டி வெளிக் கவருக்குள்ள போட்டு, வெளிக் கவர்ல கையெழுத்தும் தேதியும் போடணும். உள் கவர் இல்லாம வர்ற ஓட்டு செல்லாதுன்னு செப்டம்பர் 17ல மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நான் முதல்ல சீட்டை நேரா வெளிக் கவர்லயே போட்டுட்டேன், நாக்கு நனைச்சு ஒட்டப் போற நேரத்துல பெரியவ "அம்மா சின்ன கவர் இங்க இருக்கு"ன்னு கையில தூக்கிக் காட்டினா. கை வெலவெலத்துப் போச்சு. திரும்ப எடுத்து, மடிச்சு, உள் கவர்ல போட்டு, வெளிக் கவர்ல கையெழுத்துப் போட்டு, தேதிய மட்டும் ரெண்டு தடவை சரி பாத்தேன். தபால்ல விடாம டிராப் பாக்ஸ்ல நேர்ல கொண்டு போய்ப் போட்டோம், பத்து நாள் கழிச்சு ஓட்டு கிடைச்சாச்சுன்னு மெயில் வந்துச்சு.

நவம்பர் 3க்கு அப்புறம் நாலு நாள் இழுத்துச்சு. எங்க மாநிலத்துல தபால் ஓட்டுக் கவரை தேர்தல் அன்னிக்கு காலைல ஏழு மணிக்கு முன்னாடி திறக்கவே சட்டத்துல எடம் இல்ல, வந்தது 26 லட்சம் சொச்சம், அப்ப லேட் ஆகத்தானே செய்யும். கடைசில 80 ஆயிரம் சொச்சம் ஓட்டு வித்தியாசம், அதுல ஒண்ணு என்னோடது.

7ந் தேதி சனிக்கிழமை காலைல பதினொன்றரை வாக்குல பென்சில்வேனியா முடிவு வந்து ஜெயிச்சாச்சுன்னு சொன்னாங்க. நான் ஷிஃப்ட்ல இருந்தேன். வெளிய ரோட்டுல கார் ஹாரன் சத்தம் லேப் வரைக்கும் கேட்டுச்சு. ஊர்ல ராத்திரி பத்து மணி, இடைவேளைல சித்திக்கு வீடியோ போட்டேன், தூங்கப் போயிருந்தவங்க எழுந்து கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்னையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. "ஜெயிச்சது இருக்கட்டும், நீ மாஸ்க்க ஒழுங்காப் போட்டியா, காதுப் பக்கம் தளர்வா இருக்கே"ன்னாங்க. அந்த வாரம் நாட்டுல ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல புதுசா தொற்று வந்துக்கிட்டிருந்துச்சு. போனை வச்சுட்டு எலாஸ்டிக்க ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கிட்டு உள்ள போனேன், ஃப்ரிட்ஜ்ல அடுத்த ரேக் சாம்பிள் காத்துக்கிட்டிருந்துச்சு.