இரண்டு முனையிலும் வெளிச்சம்

சுவிட்சை அணைத்துவிட்டேன். குண்டு பல்பும் அணைந்துவிட்டது. ஆனால் சீலிங் ரோஸின் (கூரையில் பல்பின் வயர் இணையும் வட்ட மூடி) இரண்டு முனைகளிலும் டெஸ்டர் ஒளிர்ந்தது.

வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தேன். முனைகளுக்கு இடையே பூஜ்யம். எர்த்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டிலுமே 230 வோல்ட்!

தாத்தா கட்டிய வீடு. தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த வயரிங். அரைமணி நேரம் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.

பல்பைக் கழற்றியதும் ஒரு முனையில் மட்டும் டெஸ்டர் ஒளிர்வது நின்றுபோனது.

அப்போதுதான் புரிந்தது. சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லை, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் இருக்கிறது. அணைத்த பிறகும் மின்சாரம் பல்பின் இழை வழியாக மறுமுனை வரை வந்து காத்து நிற்கிறது.

இத்தனை வருடங்களாக அம்மா, சுவிட்சை அணைத்துவிட்ட நம்பிக்கையில், ஸ்டூலில் ஏறி அந்த ஹோல்டரைத் துடைத்திருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல். ஈரத்துணியால்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.