அத்தை சாப்பிடாத நாளிலும் ஏறிய சர்க்கரை

2021 ஜூன். கோத்தகிரியில் மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. என் மாமியாருக்குக் கொரோனா உறுதியாகி நான்காம் நாள். எதை நீட்டினாலும் "வேண்டாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரை டம்ளர் கஞ்சி உள்ளே இறங்கினால் பெரிய விஷயம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சாப்பிடாதவருக்கு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாரே என்று பயந்து, யாரையும் கேட்காமல் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அது என் தவறு.

ஐந்தாம் நாள் காலை குளுக்கோமீட்டரை எடுத்தேன். அத்தையின் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. குத்திய இடத்தில் கடுகளவு இரத்தம்தான் வந்தது. கருவி பிழை காட்டியது. வெந்நீர் டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சூடு ஏறியதும் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். 348! கஞ்சித் தண்ணீரில் நாளை ஓட்டுகிறவருக்கு இது எங்கிருந்து வந்தது?

தொலைபேசியில் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிருமியோடு போராடும் உடம்பில் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடிவிடும். அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கும். இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை எகிறினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடும். "சில மாத்திரைகளை இந்த நேரத்தில் நிறுத்தத்தான் வேண்டும். எதை என்பதை நான் சொல்கிறேன், நீங்கள் அளந்து மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரிலும் அதே குளிர்ச் சிக்கல். சில்லிட்ட விரலில் 90 காட்டியது, சூடேற்றிய பிறகு 94. மலையில் ஓரிரு எண் குறைவாக இருப்பது இயல்புதான் என்று மருத்துவர் தேற்றினார். ஆனால் அன்று மாலை, சூடான விரலிலேயே 89. உடனே ஆம்புலன்ஸ். தொட்டபெட்டா சாலை வழியாக ஊட்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழி முழுக்க மூடுபனி, அத்தையின் கை என் கைக்குள்.

மருத்துவமனையில் ஆக்சிஜனோடு டெக்ஸாமெத்தசோன் தொடங்கினார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கும் மருந்து அது என்று 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு ஆயிற்றே, 410 வரை போனது. இன்சுலின் போட்டு 140க்கும் 180க்கும் இடையில் நிறுத்தப் பார்ப்பதாகச் செவிலியர் சொன்னார். அந்தப் பெண் தினமும் இரவு எனக்கு எண்களை வாசித்துக் காட்டுவார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த இரவுகளில்தான் தேடித் தேடிப் படித்தேன். 2020இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சீனாவின் ஹூபே மாகாண ஆய்வு எனக்குத் தெம்பு தந்தது: சர்க்கரை நோயாளிகளிலேயே, சிகிச்சையின்போது சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான், கட்டுக்குள் இல்லாதவர்களில் பதினொருவர். நோயை மாற்ற என்னால் முடியாது, எண்ணைக் கவனிக்க முடியும் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் இன்சுலினோடு வீட்டுக்கு வந்தார். இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத இடறல். ஸ்டீராய்டு நின்றதும் இன்சுலின் தேவையும் வேகமாகக் குறைந்துவிடும். வீடு வந்த மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அத்தையின் நைட்டி வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. அளந்தேன்: 62. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தபோது 104. விடிந்ததும் மருத்துவர் இன்சுலின் அளவைக் குறைத்தார். கருப்புப் பூஞ்சை பரவிய காலம் அது. ஸ்டீராய்டும் உயர் சர்க்கரையும் சேர்ந்தவர்களைத்தான் அது அதிகம் தாக்கியது. ஆகவே ஒரு பக்க முகவீக்கம், மூக்கில் கறுப்புக் கசிவு, கண்வலி உண்டா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

செப்டம்பரில் இன்சுலின் நின்று, பழைய மாத்திரைக்குத் திரும்பினார். இப்போது ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறார். சளி பிடித்தால் காலையும் இரவும் அளந்து நோட்டில் எழுதுகிறோம். குளுக்கோமீட்டர் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வெந்நீர் பிளாஸ்க்கும் இருக்கிறது.