சாரத்தடியில் ஒரு மணி நேரம்

கட்டுமானத் தளங்களுக்கு நேரில் சென்று பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். அழைக்கும் ஒப்பந்ததாரரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, பயிற்சியை அலுவலக அறையில் வைக்காமல் சாரத்தின் அடியிலேயே வைக்க வேண்டும் என்பதுதான்.

சென்ற மாதம் கோவைக்கு அருகே ஒரு தளத்தில், எல்லோரும் பாதுகாப்பு பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்று மேஸ்திரி நிறைவோடு சொன்னார். உண்மைதான். ஆனால் தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் சாரப் பலகை மேல் நின்ற ஓர் இளைஞர், பெல்ட்டின் கொக்கியைத் தம் காலடியில் இருந்த குழாயில் மாட்டியிருந்தார். அவரைக் கீழே வரச் சொல்லி, எல்லோரையும் கூட்டி, பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் அவருடைய கயிற்றையே அளந்து காட்டினேன். கயிற்றின் நீளம் ஆறடி. விழும் வேகத்தைத் தாங்குவதற்காக அதில் மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்தால் குறைந்தது மூன்றடி நீளும். கயிறு பெல்ட்டோடு சேரும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ நாலரை அடி. ஆக, அவர் விழுந்து கயிறு பிடித்து நிறுத்தும்போது பாதம் பலகைக்குக் கீழே பதின்மூன்றரை அடியில் இருக்க வேண்டும். பலகையிலிருந்து அந்த அளவுக்கு டேப்பைத் தொங்கவிட்டபோது, கடைசி ஒன்றரை அடி தரையில் மடிந்து கிடந்தது.

அந்த இளைஞர் ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழில் நான் சொன்னது அவருக்கு எவ்வளவு புரிந்திருக்குமோ தெரியாது. மண்ணில் கிடந்த டேப்பை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இரண்டு ஆண்டுகளாக இங்கே வேலை செய்யும் இன்னொருவர் வழியாக, கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்று கேட்டார். தலைக்கு மேலே, தூண்களுக்கு இடையே இறுக்கிக் கட்டிய இரும்பு வடத்தில் மாட்ட வேண்டும் என்பது விடை. அத்தளத்தில் அப்படியொரு வடமே கட்டப்பட்டிருக்கவில்லை. கொக்கி மாட்ட இடம் தராமல் பெல்ட்டை மட்டும் கொடுத்தது நிர்வாகத்தின் குறை. தொழிலாளியைக் குறை சொல்ல அங்கே எதுவும் இல்லை. மேஸ்திரியும் பொறியாளரும் பயிற்சியில் உடன் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பாதுகாப்புக் குழுவையோ ஐந்நூறு பேர் இருந்தால்தான் கட்டாயமாக்கியது. நான் செல்லும் தளங்களில் பெரும்பாலும் இருபது, முப்பது பேர்தான். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நாடே பேசியது. சாரத்திலிருந்து தனியொருவராக விழுபவரைப் பற்றிய பேச்சு, உள்ளூர்ச் செய்தியோடு நின்றுவிடுகிறது.

முதலாளிகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன். கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி என்பதால், பயிற்சிக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரம் அவர்கள் வருமானத்திலிருந்தே போகிறது. அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். கோவைத் தளத்தின் உரிமையாளர் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். மறுநாள் மாலைக்குள் வடமும் கட்டப்பட்டுவிட்டது. அடுத்த மாடிக்குச் சாரம் ஏறும்போது மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பாதிப் பேர் ஊருக்குப் போய்ப் புதிய ஆட்கள் வந்திருப்பார்கள்; டேப்பை மறுபடியும் பலகையிலிருந்து தொங்கவிட வேண்டியிருக்கும்.